டான் டுன் இசையில் சீனம் எங்கே இருக்கிறது?

கூரைநடை எழுதியது:

ஆங் லீ இயக்கிய 'க்ரவுச்சிங் டைகர், ஹிடன் டிராகன்' படத்துக்காக 2001 மார்ச்சில் இசையமைப்பாளர் டான் டுன் ஆஸ்கர் வாங்கியதிலிருந்து ஒரு குற்றச்சாட்டு ஓயவே இல்லை. மேற்கத்திய ஆர்கெஸ்ட்ராவுக்குச் சீனச் சாயம் பூசினார், அமெரிக்கர்கள் மயங்கினார்கள், அவ்வளவுதான் விஷயம் என்கிறார்கள். எனக்கு இது துளியும் ஏற்பில்லை.

படத்தின் முதல் சண்டையை மட்டும் எடுத்துக்கொள்வோம். ராத்திரி. வாளைத் திருடிக்கொண்டு ஓர் உருவம் கூரை மேல் ஓடுகிறது, மிஷெல் யோ துரத்துகிறார். வயலின் கிடையாது, செல்லோ கிடையாது, மெட்டு என்று சொல்ல எதுவுமே கிடையாது. முரசு மட்டும். முதலில் விட்டுவிட்டு ஓரிரு தட்டு. கால் ஓட்டில் படப்பட அது நெருங்குகிறது, முற்றத்தில் இருவரும் மோதும்போது அடி மழையாகக் கொட்டுகிறது. ஹாலிவுட்டில் வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் பித்தளை வாத்தியங்களை அலறவிட்டிருப்பார்கள்.

இந்த எண்ணம் பீக்கிங் ஓபராவிலிருந்து நேராக வருவது. அதில் பேர்பெற்ற ஒரு காட்சி உண்டு. சத்திரத்து அறை, கும்மிருட்டு, இரண்டு பேர் ஒருவரை ஒருவர் தடவித் தேடிச் சண்டை போடுகிறார்கள். மேடையிலோ முழு வெளிச்சம். வசனம் இல்லை, பாட்டு இல்லை. தாளக்காரர்கள்தான் இருட்டையே உண்டாக்குகிறார்கள். சிறிய முரசு வைத்திருப்பவர்தான் அங்கே தலைவர், நடிகரின் கால் நகர்ந்தால் அவர் கை நகரும்.

டான் டுன் இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவர் இல்லை. 1957இல் ஹுனான் மாகாணத்தில் பிறந்தவர். கலாச்சாரப் புரட்சியில் நெல் நட அனுப்பப்பட்டார். ஓர் ஓபரா குழு வந்த படகு கவிழ்ந்து கலைஞர்கள் பலர் இறந்துபோக, அந்தக் காலியிடத்துக்கு இவரை எடுத்தார்கள். குழுவில் ஃபிடில் வாசித்தார். பீத்தோவனைக் கேட்டதெல்லாம் அப்புறம்தான். அவர் காதில் முதலில் விழுந்தது எது என்று பாருங்கள்.

சுவோனா செல்வி எழுதியது:

நண்பரே, ராத்திரிச் சண்டை அபாரம். அதில் எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் அது சில நிமிடம். படம் இரண்டு மணி நேரம். மீதி இடத்தில் என்ன ஒலிக்கிறது?

கீழே வயலின் கூட்டம் நீளமாக ஒரு கார்டை, அதாவது சேர்ந்தொலிக்கும் சில ஸ்வரங்களை, பிடித்துக்கொண்டு நிற்கிறது. மேலே யோ-யோ மா செல்லோவில் ஐந்து ஸ்வர மெட்டு ஒன்றை வாசிக்கிறார். இடையிடையே ஒரு புல்லாங்குழல் எட்டிப் பார்க்கிறது. கீழே ஒத்திசை, மேலே மெட்டு என்ற இந்த அடுக்கு முழுக்க முழுக்க ஐரோப்பியச் சிந்தனை. ஷாங்காய் தேநீர்க் கடைகளில் வாசிக்கிற ஜியாங்நான் பட்டு-மூங்கில் இசையைக் கேட்டுப் பாருங்கள். புல்லாங்குழல், வில்லால் வாசிக்கிற அர்ஹூ, விரலால் மீட்டுகிற பிப்பா எல்லாம் ஒரே மெட்டைத்தான் வாசிக்கும். ஆனால் ஒவ்வொன்றும் தன் போக்கில் நகாசு செய்யும், ஒன்று முந்தும், ஒன்று தயங்கும், அப்புறம் எங்கோ ஓரிடத்தில் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். கார்டு என்ற பேச்சே இல்லை. சீனக் குழு இசையின் உயிர் அங்கே இருக்கிறது. டான் டுன்னின் இந்தப் படத்தில் அது எங்கே?

இன்னொன்றும் சொல்கிறேன். அதே செல்லோ மெட்டைத்தான் கடைசியில் கோகோ லீ பாட்டாகப் பாடுகிறார். ஆங்கிலத்தில் ஒன்று, மாண்டரினில் ஒன்று. கச்சிதமான அமெரிக்க பாப் பாலட். ஒரு மெட்டு இத்தனை சுலபமாக அந்த அச்சில் போய் உட்காருகிறது என்றால் அது ஆரம்பத்திலேயே அந்த அச்சுக்காக வார்த்ததுதான்.

ஜாவ் ஜிபிங்கைக் கேளுங்கள். 1987இல் ஜாங் யிமோவின் 'ரெட் சோர்கம்' படத்துக்கு இசை அவர்தான். மணப்பெண்ணைப் பல்லக்கில் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் வேண்டுமென்றே குலுக்கி ஆட்டுவார்கள், நாகஸ்வரம் மாதிரி ஊதுகிற சுவோனா காதைக் கிழிக்கும். அழகாக இருக்க வேண்டும் என்று அந்த ஒலி யாரிடமும் கெஞ்சாது. ஷான்ஷி மாகாணத்தின் ஓபரா நிறுவனத்தில் வருடக்கணக்கில் வேலை பார்த்து, கிராமத்து இசையில் ஊறியவர் போடுகிற இசை அது.

மிக்சிங் ரவி எழுதியது:

ஒலிப்பதிவு வேலை பார்க்கிறவன் என்பதால் அந்த செல்லோவைப் பற்றி மட்டும்.

செல்வி சொன்ன அடுக்கு சரிதான், கீழே கார்டு நிற்கிறது. ஆனால் மேலே செல்லோ ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு எப்படிப் போகிறது என்று ஹெட்போனில் கேளுங்கள். குதிக்காது, வழுக்கிக்கொண்டு போகும். போய்ச் சேர்ந்த பிறகும் அந்த ஸ்வரம் சும்மா நிற்காது, லேசாகக் கீழே தொங்கித் திரும்பும். நாம் கமகத்தில் கேட்டுப் பழகிய காது என்பதால் நமக்கு இது உடனே பிடிபடும். அர்ஹூவில் விரல்பலகையே கிடையாது. இரண்டே தந்தி, வில் அந்த இரண்டுக்கும் நடுவில் ஓடும், விரல் தந்தியை அந்தரத்தில் அழுத்தும். அதனால் வழுக்கல்தான் அதன் இயல்பான பேச்சு. அந்தப் பேச்சைச் செல்லோவுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார் டான் டுன்.

கோகோ லீ பாட்டில் அந்த வழுக்கல் பாதிக்கு மேல் காணாமல் போகிறது. மெட்டு அதேதான், ஆனால் நகர்கிற விதம் வேறு.

கூரைநடை எழுதியது:

ரவி அண்ணா, நான் சொல்ல நினைத்ததை என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டீர்கள்.

செல்வி, 'அது ஐரோப்பியம், இது சீனம்' என்று கோடு கிழிக்கிறீர்களே, சீன சினிமா இசையில் அந்தக் கோடு என்றைக்கு இருந்தது? சீனாவின் தேசிய கீதமே ஒரு சினிமாப் பாட்டு. 1935இல் ஒரு படத்துக்காக நியே அர் போட்டது. வடிவம் என்ன? மேற்கத்திய ராணுவ அணிவகுப்பு. 'மஞ்சள் நதி' என்ற கான்டாட்டா, அதாவது ஆர்கெஸ்ட்ராவோடு பாடுகிற கூட்டுப் பாடல் தொகுதி, எழுதிய ஷியான் ஷிங்ஹாய் பாரிஸில் படித்தவர். 1959இல் ஷாங்காயில் இரண்டு மாணவர்கள் உள்ளூர் ஓபரா மெட்டுகளை வைத்து வயலின் கான்செர்ட்டோ, அதாவது ஆர்கெஸ்ட்ராவோடு தனி வயலின் வாசிக்கிற இசை, எழுதினார்கள், 'பட்டாம்பூச்சிக் காதலர்கள்' என்று. இன்றைக்கும் சீனாவில் அதை முணுமுணுக்காதவர்கள் குறைவு. நீங்கள் கொண்டாடுகிற அர்ஹூவின் தனிக் கச்சேரி முறையையே 1920களில் லியூ தியான்ஹுவா வயலின் உத்திகளைப் பார்த்துத்தான் வளர்த்தார். ஏன், உங்கள் ஜாவ் ஜிபிங்கும் ஷியான் இசைக் கல்லூரியில் படித்து வந்தவர்தானே?

அப்புறம், அமெரிக்கர்களுக்காக எழுதினார் என்ற பேச்சு. 1983இல், இன்னும் பெய்ஜிங்கில் மாணவராக இருந்தபோது, டான் டுன்னின் நால்வர் தந்திக் குழு இசைக்கு டிரெஸ்டனில் பரிசு கிடைத்தது. ஊரில் கிடைத்தது 'ஆன்மிக மாசு' என்ற கண்டனம். சீனமாக இல்லை என்று அன்றைக்கு அரசு சொன்னது, இன்றைக்கு நீங்கள் சொல்கிறீர்கள். நியூயார்க்குக்கு அவர் போனது 1986இல்தான்.

சுவோனா செல்வி எழுதியது:

அரசாங்கத்தின் கண்டனத்தையும் என் கேள்வியையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். கலக்கக் கூடாது என்று நான் எங்கே சொன்னேன்? கலக்கும்போது யார் சட்டம் போடுகிறார்கள், யார் அதற்குள் அடங்கிப் போகிறார்கள் என்றுதான் கேட்கிறேன். ஜாவ் ஜிபிங் படித்தது எந்தக் கல்லூரியாக இருந்தால் என்ன, பல்லக்குக் காட்சியில் சுவோனா வைத்ததுதான் சட்டம்.

2002இல் டான் டுன் இசையில் வந்த 'ஹீரோ'வைப் பாருங்கள். சின் பேரரசன் காலத்துக் கதை. வயலினுக்கு இட்சாக் பெர்ல்மன், முரசுக்கு ஜப்பானின் கோடோ குழு. 2006இல் 'தி பாங்க்வெட்'. அங்கே லாங் லாங்கின் பியானோ. செல்லோ, வயலின், பியானோ என்று மூன்று படத்துக்கும் மூன்று மேற்கத்திய வாத்தியங்கள் கதாநாயக இடத்தில். அர்ஹூவும் பிப்பாவும் என்றைக்கும் துணை நடிகர்கள். மூன்றும் தற்செயல் என்று நினைக்க முடியவில்லை. உலகச் சந்தைக்கு எந்த முகம் போணியாகும் என்று தெரிந்து செய்தது.

மிக்சிங் ரவி எழுதியது:

'ஹீரோ'வில் சதுரங்க முற்றத்துச் சண்டையை விட்டுவிட்டீர்களே செல்வி. மழை சொட்டுகிறது, பார்வையற்ற பெரியவர் குச்சின் என்ற தந்தி வாத்தியத்தை மீட்டுகிறார். ஜெட் லீயும் டானி யென்னும் கண்ணை மூடி மனதுக்குள்ளேயே மோதுகிறார்கள். தந்தி அறுந்த பிறகுதான் நிஜமான வாள் பாய்கிறது. அந்தக் காட்சியில் துணை நடிகர் யார்?

குச்சின் ரொம்பச் சின்னக் குரல் உள்ள வாத்தியம். ஒரே அறையில் நாலு பேர் உட்கார்ந்து கேட்பதற்கானது. மைக்கைப் பக்கத்தில் கொண்டுபோய், விரல் தந்தியில் உரசும் சத்தத்தோடு தியேட்டர் முழுக்க நிரப்பியிருக்கிறார்கள். ஒரு நாள் இரைச்சல் இல்லாத நேரத்தில் போட்டுக் கேளுங்கள், சொட்டுத் தண்ணீரும் தாளத்தில் சேரும். தண்ணீர் இவருக்குப் பழைய வாத்தியம். 1998லேயே கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, அதைக் கையால் அடித்தும் அளைந்தும் வாசிக்கிற கான்செர்ட்டோ எழுதியவர்.

பாலைச்சிறகு எழுதியது:

இரண்டு பக்கமும் 'சீனம், சீனம்' என்கிறீர்கள். 'க்ரவுச்சிங் டைகர்' படத்தின் நடுப்பகுதி ஷின்ஜியாங் பாலைவனத்தில் நடக்கிறது. கொள்ளைக்காரன் நாயகியின் சீப்பைப் பறித்துக்கொண்டு ஓடுகிற துரத்தலில் கேட்பது ரவாப். உய்குர் மக்களின் வாத்தியம். தாளமும் மத்திய ஆசியாவின் துள்ளல். பெய்ஜிங்கின் காதுக்கு அதுவும் அந்நிய வாசனைதான். படத்தில் அது காட்டுத்தனமான காதலின் ஒலியாக மட்டும் வந்து போகிறது. மேற்குலகம் சீனாவை அலங்காரமாக்குகிறது என்று கோபப்படுபவர்கள் இதைப் பற்றிப் பேசி நான் பார்த்ததில்லை.

மெட்ராஸ் மெட்டு எழுதியது:

நம் ஊர்க்காரர் ஒருவரும் இந்த வாய்க்காலில் இறங்கியிருக்கிறார். 2003இல் ஹெ பிங் எடுத்த 'வாரியர்ஸ் ஆஃப் ஹெவன் அண்ட் எர்த்' படத்துக்கு இசை ஏ.ஆர்.ரஹ்மான். கோபி பாலைவனம், பட்டுப்பாதை, ஒட்டகம் எல்லாம் உண்டு. சென்னையிலிருந்து ஒருவர் சீனப் படத்துக்கு இசை போட்டபோது நாம் பெருமைப்பட்டோம், சாயம் பூசினார் என்று கேட்கவில்லை. ஹுனானில் பிறந்தவரிடம் மட்டும் ஏன் பிறப்புச் சான்றிதழ் கேட்கிறோம்?

சுவோனா செல்வி எழுதியது:

ஹுனானில் பிறந்ததால்தான் கேட்கிறேன். ரஹ்மான் விருந்தாளியாகப் போனார். டான் டுன் வீட்டுக்காரர். விருந்தாளியிடம் எதிர்பார்க்காததை வீட்டுக்காரரிடம் எதிர்பார்ப்பேன்.

பாலைச்சிறகு சொன்னது என்னைத் தைக்கிறது. என் வாதத்துக்கு அது வலுவே தவிர எதிரல்ல. அர்ஹூவுக்கு நேர்ந்தது ரவாப்புக்கு இரண்டு மடங்கு நேர்கிறது.

கூரைநடை எழுதியது:

வீட்டுக்காரரிடம் எதிர்பார்ப்பதை அவர் செய்திருக்கிறார், சினிமாவுக்கு வெளியே. 1981இல் ஹுனானின் துஜியா மக்கள் ஊரில் கல்லைத் தட்டி இசைக்கிற ஒரு முதியவரைப் பார்த்தார். 1999இல் தேடிப் போனபோது அவர் இறந்துவிட்டிருந்தார், அந்தக் கலையை வாங்கிக்கொள்ள ஆளில்லை. அதிலிருந்து பிறந்ததுதான் 'தி மேப்'. துஜியா, மியாவ், டோங் மக்கள் இலை ஊதுவதையும் பாடுவதையும் படம் பிடித்து, அந்தத் திரைக்கு எதிரே செல்லோவையும் ஆர்கெஸ்ட்ராவையும் உட்காரவைத்தார். ஓரிடத்தில் மியாவ் பெண் ஒருத்தி திரையிலிருந்து பாடுவாள், மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவனைக் கூப்பிடுகிற பாட்டு. செல்லோ அவளுக்குப் பதில் சொல்லும். அவள் முடிக்கும்வரை ஆர்கெஸ்ட்ரா காத்திருக்கும். யார் சட்டம் போடுகிறார்கள் என்று கேட்டீர்களே, அங்கே சட்டம் அவளுடையது. 2003 பிப்ரவரியில் பாஸ்டனில் அரங்கேறியது. அதே வருடக் கடைசியில் ஓர் ஆர்கெஸ்ட்ராவை ஹுனானின் ஃபெங்ஹுவாங்குக்கே கூட்டிக்கொண்டு போய் அந்த மக்களுக்கு முன்னால் வாசிக்கவைத்தார்.

சுவோனா செல்வி எழுதியது:

'தி மேப்' எனக்கும் பிடிக்கும். அந்தப் பெண்ணுக்காகச் செல்லோ காத்திருக்கிற இடம் நான் திரும்பத் திரும்பக் கேட்பது. அதனால்தான் சினிமாவில் அவர் செய்தது எனக்கு ஆறவில்லை. முடியாதவராக இருந்தால் விட்டுவிடலாம், இவருக்கு முடியும். ஆங் லீ படத்தில் அந்தக் கார்டை எடுத்துவிட்டு, செல்லோவும் அர்ஹூவும் புல்லாங்குழலும் ஒரே மெட்டைத் தேநீர்க் கடைக்காரர்கள் மாதிரி முந்தியும் பிந்தியும் வாசித்திருந்தால் ஆஸ்கர் கிடைத்திருக்குமோ என்னவோ. ஆனால் அதற்கு முன் எந்தத் திரையரங்கிலும் கேட்காத ஒன்றை உலகம் கேட்டிருக்கும்.

மிக்சிங் ரவி எழுதியது:

மூங்கில் காட்டுச் சண்டையில் இரண்டு நிமிடம் அப்படி முயன்று பார்க்கலாம். அங்கே மெட்டு மெதுவாகத்தான் போகிறது, வசனமும் குறைவு. எனக்குத் தெரிந்த ஒரு பையன் அர்ஹூ வாசிப்பான். செல்வி, நீங்கள் மெட்டைப் பிரித்து எழுதித் தருவதாக இருந்தால் நான் பதிவு செய்கிறேன். கூரைநடை கேட்டுவிட்டுச் சொல்லட்டும், கார்டு இல்லாமல் அந்தக் காட்சி நிற்கிறதா என்று.