புதுப்பிப்பு: பறவைகளுக்கான குளியல் தொட்டி

தோட்டத்தில் பறவைகள் குளிக்க மண் தொட்டியா, கண்ணாடியா, சிமெண்டா என்று முன்பு கேட்டிருந்தேன். மண் தொட்டியையே வைத்துவிட்டேன். சொரசொரப்பாக இருப்பதால் கால் வழுக்குவதில்லை. பளபளப்பான கண்ணாடியில் அந்தப் பிடிப்பு கிடையாது. ஆழம்தான் ரொம்ப முக்கியம். ஓரத்தில் 2 சென்டிமீட்டர், நடுவில் 5, அதற்கு மேல் வேண்டவே வேண்டாம். நடுவில் ஒரு தட்டைக் கல்லும் போட்டேன், சின்னக் குருவிகள் முதலில் அதில் உட்கார்ந்து அலகை நனைத்துப் பார்த்து, பிறகுதான் இறங்கிச் சிறகை அடித்துக் குளிக்கின்றன.

புதரை ஒட்டி வைக்காதீர்கள், பூனை பதுங்கிப் பாயும், நனைந்த சிறகோடு பறவையால் சட்டென்று எழும்ப முடியாது. 2, 3 மீட்டர் தள்ளி, பாதி நிழலில் வையுங்கள்.

தண்ணீரைத் தினமும் மாற்றுகிறேன், அதனால் கொசுப்புழு வளர நேரமே இல்லை. சோப்பு மட்டும் கூடாது, அது இறகின் எண்ணெய்ப் பசையைப் போக்கிவிடும். பாசிக்கு, ஒரு பங்கு வினிகரில் ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தேய்த்து, நன்றாக அலசி, வெயிலில் காயவைத்தால் போதும். அப்புறம், தேய்க்கும் பிரஷை இதற்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.