மேசைக் கணினிக்கு ஒளிரும் வயர்லெஸ் கீபோர்டு: ஆலோசனை தேவை

தண்டையார்பேட்டையில் ஒற்றை அறை வீட்டில் இரவில் தட்டச்சு வேலை செய்கிறேன். மற்றவர்கள் உறங்கும் நேரத்தில் விளக்கைப் போட முடியாது என்பதால், எழுத்துகளுக்கு அடியிலிருந்து ஒளி வரும் வயர்லெஸ் கீபோர்டு அவசியமாகிறது. கணினி விண்டோஸ் 10 இயங்கும் பழைய டெஸ்க்டாப். அதில் புளூடூத் கிடையாது, ஆகவே 2.4 கிகாஹெர்ட்ஸ் யுஎஸ்பி ரிசீவருடன் வருவதே சரிப்படும்.

சென்ற தீபாவளிக்கு வாங்கிய கீபோர்டில் தட்டும் எழுத்துகள் இடையிடையே விட்டுப்போயின. யுஎஸ்பி 3.0 இணைப்பு அதே அலைவரிசையில் இரைச்சல் எழுப்பக்கூடும் என்பதால், ரிசீவரை அந்த யுஎஸ்பி 3.0-இன் நீல நிறத் துளையிலிருந்து எடுத்து, நீட்டிப்பு கேபிள் வழியாக கீபோர்டுக்கு அருகிலேயே வைத்தேன்; அது தீர்ந்தது. ஒளிதான் தீரவில்லை. கையெழுத்துத் தாளில் ஒரு வரியைப் படித்துவிட்டுத் திரும்புவதற்குள் விசைகள் இருண்டுவிடுகின்றன. பேட்டரியைச் சேமிக்கும் ஏற்பாடு என்பது புரிகிறது, ஆனால் சார்ஜ் கேபிளைச் செருகியிருந்தாலும் அதே கதைதான். எஃப்என் (Fn) விசையோடு வேறு விசைகளைச் சேர்த்து அழுத்தியும் பயனில்லை.

சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் கேட்டால் வானவில்லாய் மின்னும் கேமிங் கீபோர்டுகளையே எடுத்து வைக்கிறார்கள். எனக்கு வேண்டியது மங்கலான வெள்ளை ஒளி, சத்தமில்லாத விசைகள், வலப்புறம் தனி எண் பகுதி. 4,000 ரூபாய் வரை செலவிடலாம்.

கேபிள் செருகியிருக்கும்போது ஒளி அணையாமல் எரியும் மாடலை நீங்களே பயன்படுத்துகிறீர்களா, அது எது?