பழைய டி-55 டாங்கியைச் சுடுதள இலக்காக மாற்றும்போது எதை முதலில் கழற்றுவது?

கேள்வி:
சேவையிலிருந்து நீக்கிய டி-55 ஒன்றை நிலையான இலக்காக நிறுத்தப் போகிறோம். எஞ்சின், பாட்டரி கழற்றியாச்சு, டீசலும் வடிச்சாச்சு. இனி பீரங்கியை கேஸ் கட்டிங் செய்து இழுத்துப் போய் வைத்தால் போதுமா?

பதில் 1:
பீரங்கிமேல் இப்போதைக்கு கேஸ் கட்டிங் டார்ச் வைக்காதீர்கள். அதன் பின்னுதைப்பு அமைப்பில் (சுடும்போது குழாய் பின்னால் உதைப்பதைத் தாங்கும் பகுதி) எண்ணெயும் அழுத்த வாயுவும் அடைபட்டிருக்கும். சூடு பட்டால் சிலிண்டர் வெடிக்கும். முதலில் வாயுவை வெளியேற்றி, எண்ணெயை வடித்து, பிரீச் பிளாக்கை (குழாயின் பின்வாயை மூடும் கட்டை) கழற்றுங்கள். அதற்கப்புறம்தான் வெட்டு. ஓட்டுநருக்கு முன்னால் எஞ்சின் கிளப்பும் காற்று சிலிண்டர்கள் 2 இருக்கும். நிரம்பியிருந்தால் சதுர செ.மீ.க்கு 150 கிலோ அழுத்தம். தீயணைப்பு பாட்டில்களையும் மறக்க வேண்டாம்.

டீசல் முழுசா வடிந்ததா என்று மறுபடி பாருங்கள். முன்பக்கம் வலதுபுறம் குண்டு செருகும் ரேக்கே எரிபொருள் தொட்டியும்கூட. மற்ற தொட்டிகள் காலியானதைப் பார்த்து இதை விட்டுவிடுவார்கள். மிச்ச டீசலின் ஆவிதான் முதல் வெடியிலேயே வண்டியை எரியவைக்கும்.

பதில் 2:
இருட்டில் ஒளிரும் டயல்களில் ரேடியம் பூச்சு இருக்கலாம். கண்ணாடியை உடைக்காமல், சுரண்டாமல், முழு மீட்டராகக் கழற்றி கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரிடம் கொடுங்கள். குண்டடி பட்ட பிறகு தூளைப் பொறுக்க முடியாது. பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். டி-55-இன் பிந்தைய வகையான டி-55ஏ என்றால் உள்சுவரில் கதிர்வீச்சுத் தடுப்பு லைனிங்கும் உண்டு. அதுவும் வெளியே வரட்டும்.

பதில் 3:
ஃபைனல் டிரைவ் (செயினைச் சுற்றும் கடைசி கியர் தொகுதி) எண்ணெயை மட்டும் கடைசிவரை விட்டுவையுங்கள். வடித்துவிட்டு இழுத்தால் பேரிங் இறுகி, செயின் சுற்றாமல் மண்ணை உழும். கியரை நியூட்ரலில் போடுங்கள். எஞ்சின் இல்லாவிட்டாலும் எடை ஏறக்குறைய 35 டன்; பிரேக்கும் நம்ப முடியாது. சரிவில் பின்னால் இன்னொரு மீட்பு வண்டியைக் கேபிளில் பிடித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். நிறுத்திய பிறகு எண்ணெயை வடிக்கலாம், முதல், ஐந்தாம் சக்கர ஷாக் அப்சார்பர்களில் உள்ளதையும் சேர்த்து.

கேள்வி கேட்டவர்:
நன்றி. தெர்மல் சைட்டில் (வெப்பத்தை வைத்து இலக்கைக் காட்டும் கருவி) தெரிய என்ன செய்யலாம்?

பதில் 3:
வெயில் காய்ந்த இரும்பு சாயங்காலம் முழு உடலும் ஒரே மாதிரி மின்னும். அதில் பயிற்சிக்குப் பயனில்லை. எஞ்சின் பகுதி, இடது ஃபெண்டரில் உள்ள புகைபோக்கி, சக்கர வரிசை, இந்த மூன்று இடத்தில் மட்டும் சூடேற்றும் தகடு மாட்டுங்கள். அடிபட்டால் மாற்றும்படி போல்ட்டில் இருக்கட்டும்.

பதில் 1:
ஒரு விஷயம் கண்டிப்பாக. உடலின் முன்தகடு 100 மி.மீ., செங்குத்திலிருந்து 60 டிகிரி சாய்வு. குண்டு வழுக்கி எங்கோ பறக்கும், ஆகவே பக்கவாட்டைக் காட்டி நிறுத்துங்கள். அப்போதும் தெறிப்பு இருக்கும். அபாய எல்லையை எந்தக் குண்டு சுடப்போகிறீர்களோ அதை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். சுட ஆரம்பித்த பிறகு வெடிக்காத குண்டு உள்ளே கிடக்கலாம். வெடிகுண்டு அகற்றும் குழு பார்க்காமல் சூடேற்றும் தகடு மாற்றக்கூட யாரும் கிட்டே போகக் கூடாது. ஹாட்ச்களை (ஆள் இறங்கும் வாசல் மூடிகள்) முன்கூட்டியே வெல்டிங் செய்து மூடிவிடுங்கள், பழைய இரும்பு பொறுக்க வருபவர்கள் உள்ளே இறங்காமல் இருக்க.