இரத்தக் காடியா, சாலா? வாளலகின் பள்ளத்துக்கு ஒரு சொல் தேடி

முதல் மடல், பாளையங்கோட்டையிலிருந்து

குழுவினருக்கு வணக்கம்.

ஒரு வாள் கெட்டுப்போயிற்று. காரணம் நான், அல்லது நான் தாளில் எழுதிய ஒரு சொல். அந்த இடத்தில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அக்காள் மகன் கல்லூரி நாடகக் குழுவில் இருக்கிறான். பதின்மூன்றாம் நூற்றாண்டு ஐரோப்பிய வீரன் ஒருவன் வரும் நாடகம். குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வேடம் கட்டுகிறவர்கள் பிடிக்கும் தகர வாள் வேண்டாம், கையில் எடுத்தால் கனம் தெரிய வேண்டும், இடுப்பில் மாட்ட உறையும் வேண்டும் என்றான். திருவைகுண்டம் போகிற வழியில் எனக்குப் பழக்கமான கொல்லுப்பட்டறை ஒன்று உண்டு. வெட்டரிவாள், மண்வெட்டி, பனையேறிகளுக்குப் பாளையரிவாள் எல்லாம் அடித்துக் கொடுப்பவர். நான் படத்தைப் பெரிதாக அச்செடுத்து, உறுப்பு ஒவ்வொன்றுக்கும் தமிழில் பெயர் எழுதி, அளவும் குறித்துக் கொடுத்தேன். அலகு 80 சென்டிமீட்டர். மொத்த எடை 1.2 கிலோவைத் தாண்டக் கூடாது.

அலகின் நடுவே, இரண்டு முகத்திலும், நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடுமல்லவா? அதற்கு ‘இரத்தக் காடி’ என்று எழுதினேன். ஆங்கிலத்தில் பேச்சுவழக்கில் அப்படி ஒரு பெயர் உண்டு. அதை அப்படியே தமிழில் இறக்கிவிட்டேன்.

அவர் தாளை வெகுநேரம் பார்த்தார். “இரத்தம் வடிய வேண்டும் என்றால் நல்ல ஆழம் வேண்டுமே, அண்ணாச்சி?” என்றார். கேலி இல்லை, அளவு கேட்கிறார். நானும் யோசிக்காமல் தலையாட்டினேன். தச்சர் கதவுச் சட்டத்தில் காடி எடுப்பதுபோல, கிரைண்டரால் இரண்டு பக்கமும் சதுர மூலை வைத்து அறுத்துவிட்டார். எடுத்தது ஜீப்பின் ஸ்பிரிங் பட்டை, கனம் 6 மில்லிமீட்டர். காடிக்கு நடுவே மிஞ்சியது ஒன்றரை. பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தபோது ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வெளியே எடுத்தால், காடியின் மூலையை ஒட்டி ஒரு சாண் நீளத்துக்கு மயிரிழை விரிசல். அவர் பெருவிரல் நகத்தை அதன் மேல் ஓட்டி, நகம் மாட்டிய இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

அந்தப் பள்ளத்துக்கும் இரத்தத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. எடையைக் குறைக்க வந்தது அது. அலகு முழுவதையும் மெலித்தால் வளையும். நடுவை மட்டும் குழித்தால் எடை இறங்கும், விறைப்பு அந்த அளவுக்கு இறங்காது. அதனால் ஆழம் வேண்டாம், அகலம் வேண்டும். அடி உருண்டிருக்க வேண்டும். இதைச் சொல்லும் ஒரு பெயர் தாருங்கள். அடுத்த அலகு அடிப்பதற்குள்.

தென்காசியிலிருந்து

சொல்லை மட்டும் தூக்கில் போடாதீர்கள், அண்ணாச்சி. ஸ்பிரிங் எஃகை முழு நீளத்துக்கும் தண்ணீரில் முக்கினால், சதுர மூலை இல்லாவிட்டாலும் விரிசல் விட வாய்ப்புண்டு. எண்ணெயில் தோய்க்க வேண்டும். அரிவாளுக்கு வெட்டும் வாயை மட்டும் தோய்ப்பார்கள், முதுகு இளக்கமாகவே இருக்கும், அதனால் தப்பிக்கிறது. வாளுக்கு இரண்டு பக்கமும் வாய். தோய்ச்சலுக்குப் பிறகு குறைந்த சூட்டில் மறுபடி காய்ச்சிப் பதப்படுத்தவும் சொல்லுங்கள், இல்லையென்றால் மேடையில் கண்ணாடிபோல் உடையும். மூலை விரிசலுக்கு வழிகாட்டியது உண்மை. ஆனால் வழி மட்டும்தான் காட்டியது.

சென்னையிலிருந்து

‘நீள்குழிவு’ என்று வைக்கலாம். பொருள் தெளிவு, பிறமொழிக் கலப்பு இல்லை, மற்றத் துறைகளுக்கும் பொருந்தும்.

சங்கரன்கோவிலிலிருந்து

நான் நாற்பது ஆண்டு தமிழ் கற்பித்தவன். அதற்கு முன் அப்பாவோடு ஏர் பிடித்தவன். என் மனத்தில் முதலில் வந்த சொல் ‘சால்’. கரிசலில் கலப்பை கீறிக்கொண்டு போகும் கோடு. ‘படைச்சால்’ என்றே பழைய சொல் ஒன்று இருக்கிறது. படை என்றால் கலப்பை, படை என்றால் ஆயுதம். இதைவிட வாய்ப்பான சொல் எங்கே கிடைக்கும்?

ஓர் ஐயத்தையும் நானே சொல்லிவிடுகிறேன். கமலையில் தண்ணீர் இறைத்த ஏனத்துக்கும் சால் என்றே பெயர். உங்கள் கொல்லர் வயதானவர் என்றால் அதுதான் நினைவுக்கு வரும்.

பாளையங்கோட்டையிலிருந்து, மறுமடல்

தென்காசி அண்ணாச்சி சொன்னதைக் கொல்லரிடம் படித்துக் காட்டினேன். “தண்ணீர் என் தப்பு, காடி உங்கள் தப்பு” என்று பங்கு பிரித்துவிட்டார். சரிதான்.

நீள்குழிவில் பிழை ஒன்றும் இல்லை. அகராதியில் போட்டால் அழகாக உட்காரும். ஆனால் அது பொருளின் வடிவத்தைத் தூரத்தில் நின்று பார்த்துச் சொல்கிற சொல். அதைக் கேட்கும் கை என்ன செய்ய வேண்டும் என்று அதற்குத் தெரியாது. சோப்புப் பெட்டியிலும் நீள்குழிவு உண்டு.

‘ஓடை’ என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார், ‘வாய்க்கால்’ என்று இன்னொருவர். இரண்டும் நீர் ஓடும் சொற்கள். நீர் ஓடினால் பின்னாலேயே இரத்தமும் ஓடி வரும். பட்ட பாடு போதும்.

சால் என்ற சொல்லை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை பட்டறைக்குப் போனேன். விளக்கம் சொல்லவில்லை. “இதில் சால் எடுக்க வேண்டும்” என்று மட்டும் சொன்னேன். அவர் காடி அறுத்த கிரைண்டரைத் தொடவே இல்லை. துண்டுப் பட்டை ஒன்றை உலையில் போட்டார், சிவந்ததும் குறட்டால் இழுத்துப் பட்டறைக்கல்லில் வைத்தார், முனை உருண்ட இரும்பு ஒன்றை அதன் மேல் குறுக்காகப் பிடித்து, மகனைச் சம்மட்டியால் அடிக்கச் சொன்னார். நகர்த்தி நகர்த்தி நாலு அடி. நடுவில் மெத்தென்று ஒரு பள்ளம் இறங்கியது, இரண்டு ஓரமும் ஒதுங்கி அகன்றன. பட்டையின் அகலத்தை அளந்து பார்த்தேன். இரண்டு மில்லிமீட்டர் கூடியிருந்தது.

இதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. காடி என்றால் மரத்தை எடுத்து வெளியே போடுவது. சால் என்றால் மண்ணை ஒதுக்குவது. கலப்பை மண்ணை எடுத்துக்கொண்டு போவதில்லை, இரண்டு பக்கமும் தள்ளிவிட்டுப் போகிறது. இடைக்கால ஐரோப்பியக் கொல்லர்கள் அந்தப் பள்ளத்தை அடித்து இறக்கிய முறையும் இதுதான். எஃகு விலை உயர்ந்த காலத்தில், இருக்கிற இரும்பை வீணாக்காமல் அலகை அகலமாக்கும் வழி. நாம் சால் என்றதும் அவர் கை தானாக அந்த முறைக்குப் போய்விட்டது. சொல்லுக்குள் வேலை ஒளிந்திருக்கிறது என்று நான் சொன்னால் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். அந்தத் துண்டுப் பட்டை என் மேசையில்தான் கிடக்கிறது, வந்து பாருங்கள்.

படைச்சால் வேண்டாம் என்பது என் எண்ணம். சிலேடை நன்றாக இருக்கிறது, ஆனால் அது உழவில் ஏற்கெனவே பொருள் பெற்ற சொல், அதைப் பிடுங்கி வாளுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. கமலைச் சாலோடு குழப்பம் வருமா என்று கேட்டதற்குக் கொல்லரே பதில் சொன்னார்: “கமலை ஓடி எத்தனை வருடம் ஆயிற்று?” தனியாக நிற்கும்போது ‘அலகுச்சால்’, படத்துக்குள் ‘சால்’. இதுவே என் முன்மொழிவு.

நீளத்தையும் எழுத வேண்டும். இடைக்கால வாள்களை ஆராய்ந்து வகைப்படுத்திய ஆங்கிலேயர் யூவர்ட் ஓக்‌ஷாட் வகுத்த பகுப்பில் பத்தாம் வகை வாளுக்குச் சால் ஏறக்குறைய முனைவரை ஓடும். பன்னிரண்டாம் வகையில் அலகின் மூன்றில் இரண்டு பங்கோடு நின்றுவிடும். பதினைந்தாம் வகையில் சாலே கிடையாது, நடுவில் முதுகெலும்புபோல ஒரு மேடுதான், குறுக்கே வெட்டினால் சாய்சதுரம். குத்துவதற்கென்று வந்தது அது. நம் நாடகத்துக்குப் பன்னிரண்டு பொருந்தும்.

‘அலகு’ என்ற சொல்லையே மாற்றச் சொல்லி ஒருவர் கேட்டிருக்கிறார், இயற்பியலில் அளவையின் அலகோடு குழம்புமாம். திருச்செந்தூருக்கு அலகு குத்திக்கொண்டு நடக்கிறவர் யாரும் இதுவரை இயற்பியலோடு குழம்பியதாகத் தெரியவில்லை.

கோவில்பட்டியிலிருந்து

அலகைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். உறை என்ன ஆயிற்று? முனையில் மாட்டும் பித்தளைத் தொப்பிக்கு என்ன எழுதினீர்கள்?

பாளையங்கோட்டையிலிருந்து

‘உறைமுனைக் கவசம்’ என்று எழுதினேன், அக்கா. அடிக்க வராதீர்கள்.

கோவில்பட்டியிலிருந்து

அடிக்கவில்லை. எங்கள் தாத்தா மாட்டுப் பொங்கலுக்குக் காளையின் கொம்பு நுனியில் மாட்டிவிடுவாரே, அதற்கு என்ன பெயர்? குப்பி. பித்தளை, உள்ளே கூடு, நுனியில் ஒரு சின்னக் குமிழ். சடையின் நுனிக்கும் குப்பிதான். கூர்ந்து முடிகிற ஒன்றின் நுனி தேயாமலும் பிளக்காமலும் காக்க, அதன் மேல் ஏற்றி இறுக்குகிற உலோகக் கூடு. உங்கள் உறையின் நுனியில் இருப்பதும் அதே. உறையின் வாயில் இருக்கும் வளையத்துக்கு ‘வாய்ப்பூண்’ என்று போடுங்கள். உலக்கைக்குப் பூண் போடலாம், உறைக்குப் போடக் கூடாதா?

சங்கரன்கோவிலிலிருந்து

குப்பிக்கு என் ஓட்டு. இரண்டு கை தூக்குகிறேன்.

பாளையங்கோட்டையிலிருந்து

குப்பி, வாய்ப்பூண் இரண்டையும் எழுதிவிட்டேன். உறையின் உள்கூடு இரண்டு மெல்லிய மரப்பலகைகள், வெளியே தோல் சுற்றி முதுகுப் பக்கம் தையல். பலகைக்கு ‘உட்பலகை’ போதும், அதற்குக் கலைச்சொல் விழா எடுக்க வேண்டியதில்லை. துவர்ப்பு மிகுந்த மரத்தைத் தச்சர் எடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், எஃகைக் கறுக்கடித்துவிடும். பழைய உறைகள் சிலவற்றில் உள்ளே ஆட்டுக் கம்பளியை மயிரோடு ஒட்டியிருப்பார்கள், அதன் நெய்ப்பசை துருப்பிடிக்காமல் காக்கும் என்று. அதைக் கேட்டதும் மருமகன் வேம்பூர் ஆட்டுத்தோலுக்குச் சொல்லிவைக்கப் போனான். வேம்பூர் ஆட்டுக்கு ஏது கம்பளி, வெறும் மயிர்தான். பழைய கம்பளிப் போர்வையைக் கிழித்து ஒட்டப்போகிறோம்.

இன்னொன்று. உருவும்போது ‘சரேல்’ என்று ஓசை வர வேண்டும் என்று அவன் கேட்டான். மரமும் தோலும் கம்பளியுமான உறையிலிருந்து அப்படி ஓசை வராது, அது சினிமாவில் சேர்ப்பது. மேடைக்குப் பின்னால் யாரையாவது கரண்டியை உரசச் சொல்லியிருக்கிறேன்.

வாய்க்குக் கூர் வைக்கவில்லை. விளிம்பு நாணயத்தின் கனத்துக்கு மழுங்கல், முனையும் உருண்டை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழுள்ள விதிகளில் வாள் இருக்கிறது. வயலுக்கும் வீட்டுக்குமான அரிவாளுக்கு உள்ள விலக்கு இதற்குக் கிடையாது. தாளின் தலைப்பிலேயே ‘நாடகத்துக்கு, மழுங்கல்’ என்று எழுதியிருக்கிறேன். கொல்லரும் தம் நோட்டில் என் பெயரையும் முகவரியையும் குறித்துக்கொண்டார்.

மிச்சமிருப்பது ஒன்று. அலகிலிருந்து நீண்டு கைப்பிடிக்குள் நுழைந்து, கைப்பிடியின் கடைசியில் இருக்கும் குமிழைத் துளைத்து வெளியே வந்து, நுனி அடித்து மடக்கப்படும் பகுதி. ‘காம்பு’ என்று எழுதினேன். சங்கரன்கோவில் ஐயா, அகப்பைக் காம்பு என்றால் வெளியே தெரியும் கைப்பிடியே அல்லவா, உள்ளே மறைவதற்கு எப்படிப் பொருந்தும் என்று நேற்றுத் தொலைபேசியில் கேட்டார். பட்டறையில் ‘வால்’ என்கிறார்கள். நல்ல சொல்தான். ஆனால் ‘வாளின் வால்’ என்று அக்காள் மகனை ஒரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன், நாக்கு இரண்டு இடத்தில் தடுக்கியது.

புதன்கிழமை காலை அலகை உலையில் வைக்கிறார், இந்த முறை எண்ணெய். செவ்வாய் இரவுக்குள் யாருக்காவது வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள். தோன்றாவிட்டால் வால்தான்.