வெள்ளவத்தை பிளாட்டில இருந்துகொண்டு கரண்ட் கார் எடுக்கலாமோ?

நாலாம்_மாடி:
வணக்கம். வெள்ளவத்தையில பிளாட், நாலாம் மாடி. கீழ ஒரு பார்க்கிங் எங்கட பேரில இருக்கு. இப்ப ஓடுறது 2012 பெற்றோல் கார். விடிய மகளை பம்பலப்பிட்டியில பள்ளிக்கூடத்தில இறக்கிப்போட்டு ராஜகிரியவுக்கு வேலைக்குப் போறனான். மாசம் ஆயிரம் கிலோமீற்றர் எண்டு வையுங்கோ. ஜப்பானில ஓடி வந்த நிசான் லீஃப் கரண்ட் கார் ஒண்டு பார்த்து வச்சிருக்கிறன், 24 கிலோவாட் மணித்தியாலப் பற்றறி. பற்றறி எவ்வளவு சோர்ந்திருக்கெண்டு காட்டுற 12 கட்டத்தில 9 காட்டுது. மனுசி எடுங்கோ எண்டுறா. மாமா "விசரோ உமக்கு" எண்டுறார். வச்சிருக்கிற ஆக்கள் உள்ளதைச் சொல்லுங்கோ.

தெஹிவளை_லீஃப்:
தம்பி, நான் 2015 இல இருந்து அதே கார்தான். இண்டைக்கும் ஸ்ராற் பண்ணினால் உள்ளுக்க ஒரு ஜப்பான்காரி ஏதோ சொல்லுவா, என்னெண்டு இத்தனை வருசமா விளங்கேல்ல.

கட்டத்தை நம்பி விலை பேசாதையும். முதல் கட்டம் விழேக்கையே 15 வீதம் போயிடும், அதுக்குப் பிறகு ஒவ்வொண்டும் ஆறு வீதத்துக்குக் கொஞ்சம் மேல. ஒன்பது கட்டமெண்டால் எழுபது வீதமளவில. ஏசியோட 85, 90 கிலோமீற்றர் ஓடும். ஒரு நாளைக்கு உமக்கு வேணுமெண்டது 35. என்டது எட்டுக் கட்டம், இன்னும் நான் ஒருக்காலும் றோட்டில நிண்டதில்லை. ஒயில் மாத்தினதில்லை. பிரேக் பாட் ஒருக்கா மாத்தினது, அதுவும் தேய்ஞ்சதால இல்லை, கராஜ்காரன் சொன்னதால.

பெற்றோலே_போதும்:
நானும் உங்களை மாதிரித்தான் நாலாம்_மாடி. பிளாட், ஒரு பார்க்கிங், பழைய கரண்ட் கார். பதினாலு மாசம் வச்சிருந்து வித்துப்போட்டன். கார் நல்ல கார். பிழை அதில இல்லை.

லிஃப்டுக்குப் பக்கத்தில தண்ணி மோட்டருக்கு அடிச்ச ஒரு 13 அம்பியர் பொயின்ற் இருந்தது. கொமிற்றிக்காரர் "அதில போடுங்கோ, மாசம் ஒரு தொகை தாங்கோ" எண்டவை. ஒரு நாள் விடிய நாலரைக்கு செக்யூரிட்டி ஐயா இன்ரகொம் அடிச்சார். கீழ போனால் சீப்பு எரிஞ்ச மணம். பிளக்கின்ர ஒரு பக்கம் பிஸ்கற் நிறத்தில உருகி, பின் பொயின்ற்றுக்குள்ளயே ஒட்டிப் போச்சு. ஐயா தன்ர சாரத்தால பிடிச்சு இழுத்துப் பார்த்திருக்கிறார் பாவம். நல்ல காலம், மெயின் சுவிட்ச் எங்க இருக்கெண்டு அவருக்குத் தெரியும்.

அடுத்த கூட்டத்தில எனக்குத்தான் விசாரணை. "பொதுக் கரண்ட்டில கார் ஓட்டுறார்" எண்டு ரெண்டாம் மாடி அன்ரி. மாசாமாசம் காசு குடுத்த ரசீது காட்டினன், ஒருத்தரும் பார்க்கேல்ல. அண்டையோட பொயின்ற் கட். பிறகு கிழமைக்கு ரெண்டு தரம் இரவு ஒன்பதரைக்கு வெளியில வேகச் சார்ஜ் போடப் போவம். எனக்கு முன்னால ஒரு கார், அதுக்கு முன்னால இன்னொண்டு. நானும் மனுசியும் காருக்குள்ள இருந்து கொத்து சாப்பிட்டதுதான் மிச்சம். முதல் மாசம் அது டேட் மாதிரி இருந்தது.

தெஹிவளை_லீஃப்:
அது காரின்ர பிழையும் இல்லை, பிளாட்டின்ர பிழையும் இல்லை தம்பி. 13 அம்பியர் சதுரப் பின் எட்டு மணித்தியாலம் விடாமல் இழுக்கிறதுக்குச் செய்ததில்லை. கேத்தில் அஞ்சு நிமிசம், அயன் இருபது நிமிசம். கார் இரவு முழுக்க. சுவரில பூட்டுற சார்ஜ் பெட்டி, தனி பிரேக்கர், தனி ட்ரிப் சுவிட்ச், ஒழுங்கான எர்த். எர்த் சரியில்லாட்டி சார்ஜர் சிவப்பு லைட்டைக் காட்டிப்போட்டு சும்மா இருக்கும், அதுவே ஒரு நன்மை.

பெற்றோலே_போதும்:
அண்ணை, இதெல்லாம் எனக்கும் பிறகு தெரியும். உங்களுக்குச் சொந்த வளவு, சொந்த மீட்டர், சுவரில துளை போட ஒருத்தரிட்டயும் கேக்கத் தேவையில்லை. எனக்குத் துளை போட ஆறு பேரின்ர கையெழுத்து வேணும், அதில ரெண்டு பேர் கனடாவில. நீங்கள் காரைப் பற்றிக் கதைக்கிறீங்கள். நான் சுவரைப் பற்றிக் கதைக்கிறன்.

கணக்குப்பிள்ளை:
சண்டையை நிப்பாட்டிப்போட்டு இதைப் பாருங்கோ. மாசம் 1000 கிலோமீற்றர். கொழும்பு நெரிசலில பெற்றோல் கார் லீட்டருக்கு 12 ஓடினால் 83 லீட்டர். லீட்டர் 300 ரூபா எண்டு பிடிச்சால் 25,000. கரண்ட் கார் யூனிட்டுக்கு 6 கிலோமீற்றர், சார்ஜில போற நட்டத்தையும் சேர்த்து 185 யூனிட். 25,000 ஐ 185 ஆல் பிரிச்சால் 135. உங்கட பில்லில கடைசிப் படியில இருக்கிற யூனிட் விலை 135 க்குக் கீழ எண்டால் லாபம், மேல எண்டால் நட்டம். பில்லை எடுத்துப் பாருங்கோ, எவ்வளவு தூரம் கீழ எண்டு தெரியும்.

ஒண்டு மட்டும் கவனம். வீட்டுப் பில்லோட காரும் சேர்ந்தால் எல்லாரும் 180 யூனிட்டைத் தாண்டி மேல் படிக்குப் போயிடுவினம். அதால பழைய சராசரி விலையைப் போட்டுக் கணக்குப் பார்க்கக்கூடாது, கடைசிப் படி விலையைத்தான் போடோணும். நேரக் கட்டண மீட்டர் கிடைச்சால் இரவு 10.30 இலிருந்து விடிய 5.30 வரை விலை குறைவு.

பெற்றோலே_போதும்:
உங்கட கணக்கில பற்றறி எங்க? கார் விக்கேக்க வாற ஆள் முதல் கேக்கிறது "எத்தனை கட்டம்" எண்டுதான். என்ட பெற்றோல் காரை விக்கேக்க ஒருத்தனும் டாங்க் சின்னனாப் போச்சோ எண்டு கேக்கமாட்டான். 2020 மார்ச்சில இறக்குமதியை மறிச்சபடியால்தான் இந்தப் பழசுகளுக்கும் விலை நிண்டது. 2025 இல திரும்பத் திறந்தாச்சு, புதுசு புதுசா வருது. நீங்கள் மாசம் மிச்சம் பிடிக்கிறதைக் கார் விலையில விடுவீங்கள்.

கணக்குப்பிள்ளை:
இது நியாயம். மறுக்கேல்ல. ஆனால் நாலாம்_மாடி வாங்கிறதும் விழுந்த விலையிலதானே. விழுந்தது இன்னும் எவ்வளவு விழும்?

தெஹிவளை_லீஃப்:
பற்றறி முழுசா மாத்தத் தேவையில்லை. லீஃப் பற்றறிப் பெட்டிக்குள்ள மொடியூல் எண்டு 48 துண்டு இருக்கு, ஒவ்வொண்டிலயும் நாலு செல். சோர்ந்ததை மட்டும் எடுத்து மாத்துற ஆக்கள் இஞ்சயே இருக்கினம். காரில செருகிப் பார்க்கிற ஒரு சின்ன ஓபிடி கருவியும் போனில லீஃப் ஸ்பை அப்பும் இருந்தால் எந்தச் செல் சோர்வெண்டு போனிலயே தெரியும். தம்பி, அந்தக் கருவி இல்லாமல் கார் பார்க்கப் போகாதையும். காட்டமாட்டன் எண்டால் திரும்பி வாரும்.

கோட்டே_சோலார்:
இடையில வாறதுக்குக் குறை நினையாதேங்கோ. நான் புது கரண்ட் கார் ஓடுறன், எல்எஃப்பி எண்ட லிதியம் இரும்புப் பொஸ்பேற் பற்றறி. தெஹிவளை அண்ணை மறைக்கிறதை நான் சொல்றன். லீஃப் பற்றறிக்குத் தண்ணிக் குளிரூட்டல் இல்லை, வெறும் காத்துத்தான். ஜப்பான் குளிரில பத்து வருசம் இருந்தது கொழும்பு வெயிலில அப்படியே இருக்காது. கூரையில்லாத இடத்தில நிப்பாட்டி, வேகச் சார்ஜும் அடிக்கடி போட்டால் இன்னும் கெதியாச் சோரும். பெற்றோலே_போதும் தம்பி பொயின்ற் இல்லாமல் வேகச் சார்ஜையே நம்பி ஓடினவர், அவருக்குக் கட்டம் விழாமல் என்ன செய்யும்?

என்ட வீட்டுக் கூரையில சோலார். 2025 சித்திரைப் புதுவருச லீவில பகல் மூண்டு மணி வரைக்கும் கூரைச் சோலாரை நிப்பாட்டச் சொல்லிக் கேட்டவை, ஞாபகமோ? வாங்க ஆளில்லாமல் மின்சாரம். பகலில நிக்கிற கார் அதைக் குடிச்சால் என்ன குறை?

பெற்றோலே_போதும்:
பகலில கார் ஒஃபிஸில நிக்கும் அக்கா. இரவில குடிக்கிறது நுரைச்சோலை நிலக்கரி, 900 மெகாவாட். புகைக்குழாய் கொழும்பில இல்லை, புத்தளத்தில இருக்கு, அவ்வளவுதான்.

கொட்டாஞ்சேனை_தம்பி:
நிலக்கரியை விடுங்க ஐயா. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உப மின்நிலையத்தில ஒரு குரங்கு பாய்ஞ்சு நாடே இருட்டு. பெற்றோல் செட்டுக்குக் குரங்கு பாய்ஞ்சு நான் பார்த்ததில்லை.

தெஹிவளை_லீஃப்:
பெற்றோல் செட்டில 2022 இல மனுசர் பாய்ஞ்சதை நான் பார்த்தனான். அந்த ஜூன் கடைசியில 92 பெற்றோல் 470 ரூபா, அதுவும் இல்லை. பிறகு கியூஆர் கோட் பங்கீடு வந்து காருக்குக் கிழமைக்கு 20 லீட்டர். காலி வீதியில ஒரு லேனே கியூ. நான் அதுக்குப் பக்கத்தால சத்தமில்லாமல் போவன். ஏச்சும் வாங்கியிருக்கிறன், "ஏய் பற்றறி" எண்டு.

பெற்றோலே_போதும்:
மார்ச் 31 ஐ விட்டுட்டீங்கள் அண்ணை. 13 மணித்தியாலக் கரண்ட் கட்.

தெஹிவளை_லீஃப்:
அண்டைக்கும் மிச்சம் 11 மணித்தியாலம் இருந்தது தம்பி. எனக்கு அஞ்சு காணும்.

ராஜகிரிய_ரிஸ்வான்:
இந்த நெரிசலில பற்றறி தீர்ந்துடும்னு எல்லாரும் பயப்படுறாங்க. தலைகீழ். காலி வீதியில ஒரு மணித்தியாலம் நகராம நின்னா மோட்டர் எதுவுமே இழுக்காது, ஏசி மட்டும் ஒரு யூனிட் அளவுக்கு எடுக்கும். ஆறு கிலோமீற்றர் ஓட்டம் குறையும், அவ்வளவுதான். பற்றறியைத் தின்றது நெரிசல் இல்ல, ஹைவேல நூறுல போறது. சதர்ன் ஹைவேல லீஃப்போட ஏறிட்டு எக்ஸிற் எக்ஸிற்றா எண்ணிக்கிட்டு வந்தவன் நான்.

நான் றோட்டில நின்னது ஒரே ஒரு தடவை. பெரிய பற்றறி எண்பது வீதம். சின்ன 12 வோல்ட் பற்றறி செத்துப் போச்சு, கதவுகூட ஒழுங்காத் திறக்கல. பக்கத்துல நின்ன ஓட்டோக்காரர் ஜம்பர் வயர் குடுத்து எழுப்பினார். "ஐயா, கரண்ட் காருக்கு நான் கரண்ட் குடுத்தேன்"னு அவருக்கு ஒரே சந்தோசம்.

நாலாம்_மாடி:
இன்னொண்டு. வருசத்தில ஒருக்கா நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போறனாங்கள். 400 கிலோமீற்றர். அதுக்கு?

தெஹிவளை_லீஃப்:
உள்ளதைச் சொல்றன். நான் காரில போறதில்லை. வெள்ளவத்தையில இரவு பஸ் ஏறினால் விடிய ஊரில. இல்லாட்டி யாழ்தேவி.

பெற்றோலே_போதும்:
அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், இரவு பஸ்ஸில ஏத்துவீங்களோ? வரேக்க ஒரு பெட்டி கறுத்தக்கொழும்பான், முருங்கைக்காய்க் கட்டு, பனங்கட்டி, பெரியம்மா தாற ஒடியல் மா. இதை மடியில வச்சுக்கொண்டு வாறதோ? இந்த ஒரு கேள்விக்கு லீஃப்காரர் ஒருத்தரும் இண்டைவரைக்கும் மறுமொழி சொன்னதில்லை.

கோட்டே_சோலார்:
அதுக்கு மறுமொழி வாடகை வான். வருசத்தில ஒரு பயணத்துக்காக முன்னூற்றிச் சொச்ச நாள் பெற்றோல் அடிக்கிறதோ? ஆனால் அம்மாவின்ர முழங்கால் நியாயம். எனக்கும் ஒரு அம்மா இருக்கிறா.

நாலாம்_மாடி:
ரெண்டு கிழமைக்குப் பிறகு வாறன். நிறையப் பேர் தனியாக் கேட்டபடியால் இஞ்சயே எழுதுறன்.

காரைப் பார்க்க முதல் சுவரைப் பார்த்தன், பெற்றோலே_போதும் அண்ணை சொன்னபடி. எலக்றீசியனைக் கூட்டிக்கொண்டு கீழ போய் மீட்டர் அறையிலிருந்து என்ட பார்க்கிங் வரைக்கும் ரேப் பிடிச்சம். நேரா இருந்தால் முப்பது வரும், குப்பை அறையைச் சுத்தி வரவேணும், 58 மீற்றர். கொமிற்றித் தலைவர் ஐயா நல்ல மனுசன், அவற்ற மகன் அவுஸ்திரேலியாவில கரண்ட் கார் ஓடுறாராம், அரை மணித்தியாலம் போட்டோ காட்டினார். கடிதம் தந்திட்டார். 6 எம்எம் வயர் காணுமோ?

தெஹிவளை_லீஃப்:
லீஃப் இழுக்கிற 15, 16 அம்பியருக்கு 58 மீற்றரில 6 காணும். பிறகு பெரிய கார் எடுத்து 32 அம்பியர் சார்ஜ் பெட்டி பூட்டுற எண்ணமிருந்தால் இப்பவே 10 எம்எம் வயரை இழும். வயர் ஒருக்காத்தான், கூலி ரெண்டு தரம் குடுக்காதையும்.

பெற்றோலே_போதும்:
வயரை விடுங்கோ. கடிதத்தில "சொந்தச் செலவில்" எண்டும் இருக்கோணும், "சொந்த மீட்டரில்" எண்டும் இருக்கோணும். ரெண்டும் இருக்கோ? எனக்கு ரெண்டாவது இல்லாமத்தான் அந்த அன்ரியிட்ட மாட்டினனான்.

நாலாம்_மாடி:
முதலாவது மட்டும்தான் இருக்கு. திரும்ப மேல போறன்.