ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவுதல்: டிசம்பர் விடுமுறைப் பயணத்தை எப்படி அமைப்பது?

ஈசூன்வாசி:
வணக்கம். டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு நாலு பேர் சென்னை போகிறோம். பிள்ளைகளுக்கு 9, 12 வயது. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்புவதை நேரில் பார்க்க வேண்டும் என்று பெரியவன் கேட்கிறான். நாலு பேருக்கும் சிங்கப்பூர்க் கடப்பிதழ்தான். விமான டிக்கெட்டை எப்போது எடுப்பது? இஸ்ரோவின் பார்வையாளர் மாடத்தில் இடம் கிடைக்காவிட்டால் எங்கே நிற்பது?

செங்காங்_வானம்:
அறிவிக்கப்படும் தேதிக்கு முன்னால் 2 நாள், பின்னால் 8 நாள் சென்னையில் இருக்கும்படி டிக்கெட் எடுங்கள். பின்னால் வரும் அந்த 8 நாள்தான் முக்கியம். நிலவுக்குப் போன சந்திரயான்-2 ஐ 2019 ஜூலை 15 அதிகாலையில், ஏவுவதற்கு 56 நிமிடம் 24 விநாடி மிச்சமிருக்கும்போது நிறுத்தினார்கள். அது கிளம்பியது ஜூலை 22. மூன்று நாள் பயணமாக வந்திருந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பியிருப்பார்கள். அதே சமயம், ஏவுதலுக்கான நேர எண்ணிக்கை நின்றதும் உடனே வண்டியைத் திருப்பிவிடாதீர்கள். மனிதர்களை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தின் 2023 அக்டோபர் 21 சோதனை 5 விநாடி இருக்கும்போது நின்றது, அன்று காலை 10 மணிக்கே பறந்துவிட்டது.

பல மாதம் முன்பு செய்தியில் வரும் 'டிசம்பரில் ஏவப்படும்' என்பதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். விமானங்களுக்கான வான்வெளி எச்சரிக்கையில் நாளும் நேரமும் வந்தால்தான் தேதிக்கு உயிர் வந்திருக்கிறது என்று அர்த்தம். அதுவரை தேதி மாற்றக்கூடிய கட்டணத்திலேயே இருங்கள். சுற்றுலா இ-விசாவுக்கு அரசாங்க இணையத்தளத்தில் குறைந்தது 4 நாள் முன்பு விண்ணப்பிக்க வேண்டும், ஆகவே கடைசி நேரத்தில் கிளம்பலாம் என்ற எண்ணம் உதவாது.

மாடத்துக்கு இணையப் பதிவு ஏவுதலுக்குச் சில நாள் முன்புதான் திறக்கும், விறுவிறுவென நிரம்பிவிடும். படிவம் எந்த அடையாள ஆவணத்தைக் கேட்கிறது என்று முதலில் படியுங்கள். வெளிநாட்டுக் கடப்பிதழோடு போகிறவர்கள் மாடத்தை நம்பித் திட்டம் போடக் கூடாது என்பது என் கருத்து.

தேக்கா_பயணி:
நிற்கும் இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். பலரும் சூலூர்பேட்டைக்குப் போவார்கள். சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி வழியாகப் புறநகர் ரயில் உண்டு. அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டா சாலை ஏரியைக் குறுக்காகக் கடக்கும். போலீஸ் மறிக்கும் இடம்வரை போய் ஓரமாக நிற்கலாம். சிக்கல் இரண்டு. காலை ஏவுதலென்றால் கிழக்கே பார்க்க வேண்டும், சூரியன் நேரே கண்ணில் அடிக்கும். முடிந்ததும் எல்லா வண்டியும் ஒரே சாலையில் திரும்பும், குறைந்தது ஒரு மணி நேரம் அங்கேயே இருந்துவிட்டுக் கிளம்புங்கள்.

பிள்ளைகளோடு என்றால் நான் பழவேற்காட்டைத்தான் சொல்வேன். தமிழ்நாட்டுப் பக்கம், சென்னையிலிருந்து காரில் போய்விடலாம். ஏவுதளம் வடக்கே இருப்பதால் சூரியத் தொல்லை இல்லை. தூரம் ஏறக்குறைய 33 கி.மீ. என்பதால் ராக்கெட் சிறிதாகத்தான் தெரியும், 10x50 தொலைநோக்கி எடுத்துக்கொள்ளுங்கள். ஒலி வந்து சேர ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும். நெருப்பைப் பார்த்ததும் 'சத்தமே இல்லையே' என்று பிள்ளைகள் காரில் ஏறிவிடுவார்கள், முன்பே சொல்லி வையுங்கள். படகு பிடித்துக் கடலுக்குள் போக நினைக்க வேண்டாம், அந்த நேரத்தில் மீனவர்களுக்கே தடை.

நிழலும் கழிப்பறையும் இருக்காது. தண்ணீர், தொப்பி, குடை அவசியம்.

பொங்கோல்_72:
டிசம்பர் என்பதுதான் எனக்கு இடிக்கிறது. வடகிழக்குப் பருவமழை முடிந்திருக்காது. மழையிலும் ராக்கெட் போகும், ஆனால் மேகம் தாழ்ந்திருந்தால் பத்து விநாடியில் மறைந்துவிடும். மார்ச் விடுமுறையில் வானம் தெளிவு, ஆனால் ஒரு வாரம்தான் கிடைக்கும், தேதி தள்ளிப்போனால் அவ்வளவுதான்.

மாற்று வேண்டுமென்றால் சீனாவின் ஹைனான் தீவில் வென்சாங். சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு 2024 பிப்ரவரி 9 முதல் 30 நாள் விசா வேண்டாம். லாங் மார்ச் 5 போன்ற பெரிய ராக்கெட்டுகள் அங்கிருந்துதான் போகின்றன, லோங்லோ கடற்கரையிலிருந்து பார்க்கலாம். ஆனால் ஏவும் தேதியை அங்கே மிகத் தாமதமாகவே உறுதி செய்வார்கள்.

ஈசூன்வாசி:
மிக்க நன்றி. சென்னைதான், பழவேற்காடு. எந்த ராக்கெட் என்பதால் பார்ப்பதில் வித்தியாசம் இருக்குமா?

செங்காங்_வானம்:
நிறையவே. பி.எஸ்.எல்.வி.யின் எக்ஸ்.எல். வகையில் பக்கவாட்டில் பொருத்திய ஆறு பூஸ்டர்களில் (துணை ராக்கெட்டுகள்) நான்கு தரையிலேயே பற்றும், மீதி இரண்டு 25ஆவது விநாடியில். தொலைநோக்கியை அதுவரை கீழே இறக்காதீர்கள். இஸ்ரோவின் பெரிய ராக்கெட்டான எல்.வி.எம்.3 கிளம்பும்போது எரிவது இரண்டு பெரிய திட எரிபொருள் பூஸ்டர்கள் மட்டும்தான், நடு இயந்திரம் ஏறத்தாழ 110 விநாடி கழித்துத்தான் பற்றும்.

பெரியவனுக்கு இதையும் சொல்லுங்கள்: 2023 ஏப்ரல் 22இல் நம் சிங்கப்பூரின் டெலியோஸ்-2 செயற்கைக்கோளும், ஜூலை 30இல் டி.எஸ்.-சார் செயற்கைக்கோளும் அங்கிருந்து பி.எஸ்.எல்.வி.யில்தான் போயின.

இன்னொன்று, கைப்பேசி நேரலையை நம்பி நிற்காதீர்கள், அது அரை நிமிடம்கூடப் பின்தங்கும். கடிகாரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றிவிட்டு, சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பிருந்தே வடக்கு அடிவானத்தைப் பாருங்கள்.