ஆடிப்பட்டம் டர்பனில் பலிக்காது: என் அவரைப் பந்தலின் கதை

ஆடியில் போட்ட வெண்டை ஒன்றுகூட முளைக்கவில்லை என்று வருந்தியிருந்த நண்பருக்காக இதை எழுதுகிறேன், ஏனெனில் அதே தவற்றை நானும் செய்திருக்கிறேன். தென்காசிப் பக்கத்திலிருந்து வேலை நிமித்தமாகத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த்துக்குக் குடிவந்த முதல் ஆண்டில், "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பதை அப்படியே பிடித்துக்கொண்டு, கொல்லையில் நான்கு பாத்தி கட்டி வெண்டையும் கத்தரியும் விதைத்தேன். இங்கே ஆடி நடுக்குளிர்காலம். இரவில் வெப்பநிலை 12 டிகிரி வரை இறங்கிவிடும். அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும் அதே வாரத்தில்தானே விதைக்கிறோம் என்ற நம்பிக்கையில் இருந்தேன். இரண்டு வாரம் கழித்து மண்ணைக் கிளறிப் பார்த்தபோது, வெண்டை விதைகள் ஊறிக் கருத்து, விரலில் பிசுபிசுத்தன.

பக்கத்து வீட்டில் எழுபதைத் தாண்டிய அம்மையார் ஒருவர் இருக்கிறார். தெரு முழுவதும் அவரை ஆயா என்றே அழைக்கிறது. கரும்புத் தோட்டக் கூலி ஒப்பந்தம் முடிந்தபின் குத்தகை நிலத்தில் காய்கறி பயிரிட்ட குடும்பம் அவருடையது. டர்பனின் வார்விக் பகுதியில் 1910இல் தொடங்கிய அதிகாலைச் சந்தைக்கு அவருடைய அப்பா மூட்டை கொண்டுபோனது அவருக்கு நினைவிருக்கிறது. டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் இருந்த அந்தக் காய்கறித் தோட்டத்தை, நிறவெறி அரசின் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் இழந்து, 1960களில் சாட்ஸ்வொர்த்துக்கு வந்திருக்கிறார்கள். என் பாத்திகளை வேலி வழியாகப் பார்த்தவர், "புரட்டாசி விரதம் முடியட்டும் தம்பி, தீபாவளியை ஒட்டிப் போடு" என்றார்.

அவருடைய கணக்குப்படி, விரத மாதத்தில் கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகியவற்றைத் தட்டில் நாற்றுவிட வேண்டும். விரதம் முடிந்து மண் சூடேறிய பிறகு வெண்டை, பீர்க்கு, பாகல், சுரை ஆகியவற்றை நேரடியாக ஊன்ற வேண்டும். அதாவது அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் வரை, இளவேனில் முடிந்து கோடையும் மழையும் நெருங்கும் காலத்தில். ஓர் இரவு ஊறவைத்து அக்டோபர் கடைசியில் ஊன்றிய வெண்டை ஆறாம் நாளே தலைகாட்டிவிட்டது. கத்தரி நாற்றுதான் என்னைக் கலங்கவைத்தது. அப்பருவத்தில் டர்பனில் நாட்கணக்கில் மேகமூட்டமும் தூறலும் இருக்கும். நெருக்கமாகத் தூவிய நாற்றுகள் அடித்தண்டு நூலாகச் சுருங்கி, ஒரே இரவில் வரிசையாகச் சாய்ந்தன. அடுத்த தட்டில் மணலைக் கூடுதலாகக் கலந்து, விதையை இடைவெளி விட்டுப் போட்டு, காலையில் மட்டும் நீர் தெளித்தபோது நாற்றழுகல் வரவில்லை. கொத்தமல்லியைப் பற்றி ஒரே வரி: நவம்பரில் போட்டால் இலை சேர்வதற்குள் பூத்துவிடும், குளிர்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். தண்டுக்கீரைக்கு நான் ஒன்றும் செய்யவில்லை. இங்குள்ளவர்கள் 'ஹெர்ப்ஸ்' என்று சொல்லும் அந்தக் கீரை, முதல் மழைக்குப் பிறகு எருக்குழியோரம் தானாகவே கிளம்பியது.

நான் சொல்ல வந்தது அவரையைப் பற்றி. காபி டப்பாவில் சாம்பலோடு பிசைந்து வைத்திருந்த கொடியவரை விதையில் ஒரு கைப்பிடியை ஆயா தந்தார். தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு ஊன்றினேன். டிசம்பருக்குள் கொடி பந்தலை நிரப்பி, கூரைத் தகரத்தின் மேலும் ஏறியது. ஆனால் ஒரு பூகூட இல்லை. தழைச்சத்து மிகுந்துவிட்டதோ என்று எரு போடுவதை நிறுத்தினேன், நுனிகளைக் கிள்ளினேன், தண்ணீரைக் குறைத்தேன். ஜனவரியில் பொறுமை போய், கொடியை அறுக்க அரிவாளோடு நின்றபோது ஆயா, "அதுக்கு இன்னும் நாள் வரல, ஈஸ்டர் வரைக்கும் விட்டு வை" என்றார். டர்பனுக்கு வடக்கே உள்ள மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில் திருவிழா புனித வெள்ளியை ஒட்டி வருவதால், இங்குள்ள தமிழர்களுக்கு ஈஸ்டர் ஓர் இந்து நாளாகவும் இருக்கிறது. அதனால் ஆயா சொன்னதை நான் பக்திப் பேச்சாகவே எடுத்துக்கொண்டேன்.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டதில் காரணம் விளங்கியது. பழைய கொடியவரை வகைகள் பகல் போதிய அளவு குறுகிய பிறகுதான் பூக்கும். தென்காசியில் ஆண்டின் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்தை எட்டுவதில்லை. ஆடியில் போட்ட அவரை அங்கே மார்கழி, தை மாதங்களில் காய்ப்பதும் பகல் குறைவதை ஒட்டித்தான். டர்பனிலோ டிசம்பர்ப் பகல் சுமார் 14 மணி நேரம் நீள்கிறது. அதன்பின் பகல் மெல்லச் சுருங்கினாலும், மார்ச் இறுதியில்தான் இரவும் பகலும் சமமாகி, பிறகு பகல் இரவைவிடக் குறுகுகிறது. என் பந்தலில் முதல் ஊதாப் பூங்கொத்து விரிந்தது ஏப்ரல் முதல் வாரத்தில். (புதராக வளரும் குத்தவரையில் பல வகைகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை; அவசரக்காரர்கள் அதைப் போடலாம்.)

குரங்குத் தொல்லைக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. கறுத்த முகமுள்ள வெர்வெட் குரங்குகள் கூட்டமாகச் சுவரேறி வருகின்றன. பழுக்கத் தொடங்கிய தக்காளியை ஒரு கடி கடித்து எறிந்துவிட்டு அடுத்ததைப் பறித்த ஒரு தாய்க்குரங்கு, நான் கதவைத் தட்டியும் என்னை நிதானமாகப் பார்த்துக்கொண்டே மென்றது. வலை கட்டிய பாத்தி மட்டுமே தப்பியது. பாகலை அவை தொடவில்லை.

இந்த ஆண்டு அவரையை ஜனவரிக் கடைசியில்தான் ஊன்றினேன். கொடி பாதி உயரமே வளர்ந்தது. பூ வந்தது அதே ஏப்ரல் முதல் வாரத்தில். நவம்பரிலிருந்து மூன்று மாதம் அந்த இடத்தில் வெண்டையும் எடுத்தேன். இதை ஆயாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார், ஆனாலும் தம் வீட்டில் தீபாவளிக்கே ஊன்றுவாராம். "கோடையில நான் எங்கே உட்காருவேன்?" என்று பந்தலுக்கு அடியிலிருந்த நாற்காலியைக் காட்டினார்.